மீனின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? காதுக்கல் வளையங்களை எண்ணுவதும் அந்த எண்ணிக்கையைச் சோதிப்பதும்

கேள்வி இதுதான்: மீனின் வயதைச் செதிலை வைத்துச் சொல்லலாம் என்கிறார்கள், தலைக்குள் இருக்கும் கல்லை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறார்கள், எது சரி? குளிர்காலமே இல்லாத வெப்பக் கடல் மீனுக்கு ஆண்டு வளையம் எப்படி விழும்?

சுருக்கமான பதில்: பெரும்பாலான எலும்பு மீன்களுக்குக் காதுக்கல்தான் நம்பகமானது. வெப்பக் கடல் மீன்களிலும் வளையம் விழுகிறது. ஆனால் வளையத்தை எண்ணுவது வேலையில் பாதிகூட இல்லை. ஒரு வளையம் ஓர் ஆண்டுக்குத்தான் விழுகிறது என்பதை அந்தந்த இனத்திலேயே சோதித்துக் காட்டாதவரை, எண்ணிக் கிடைப்பது வளையங்களின் எண்ணிக்கை மட்டுமே. அதை வயது என்று எழுதிவிட முடியாது. மீன்வள ஆராய்ச்சியில் நடந்த மிகப் பெரிய தவறுகள் சில இந்த இடத்தில்தான் நடந்தன. அதனால் அந்தப் பகுதியைத்தான் நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் கல்லைப் பற்றி. மீனின் உட்காதில் பக்கத்துக்கு மூன்று என ஆறு கற்கள் உண்டு: சாஜிட்டா, லாபில்லஸ், ஆஸ்டெரிஸ்கஸ். உடலின் சமநிலைக்கும் ஒலியை உணர்வதற்கும் அவை பயன்படுகின்றன. கால்சியம் கார்பனேட், அதனூடே கொஞ்சம் புரதம், இவ்வளவுதான் கட்டுமானம். பெரும்பாலான கடல் மீன்களில் சாஜிட்டாதான் பெரியது. கத்தாளை வகைகளில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். மீன் நறுக்குகிறவர்களே கையால் எடுத்துவிடுவார்கள். சூரை மீன் எவ்வளவு பெரிதானாலும் கல் சிறியது, எளிதில் உடையும். கெண்டை, கெளுத்தி இனங்களில் சாஜிட்டா ஊசி போல மெலிந்திருக்கும். அங்கே மற்ற இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், கெளுத்தியில் வழக்கமாக லாபில்லஸ்.

செதிலை விட இது மேலானது என்பதற்குக் காரணம் எளிது. செதில் உதிர்ந்தால் புதிதாக முளைக்கும். புதுச் செதிலில் பழைய வளையங்கள் இருக்காது; நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். பட்டினியிலும் முட்டையிடும் காலத்திலும் செதிலின் விளிம்பிலிருந்து கால்சியத்தை மீன் திரும்ப எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு: உடல் வளர்ச்சி நின்றால் செதில் வளர்ச்சியும் ஏறத்தாழ நின்றுவிடும். கிழட்டு மீனின் செதிலில் கடைசி வளையங்கள் விளிம்பில் நெருங்கி ஒன்றாகிவிடும். காதுக்கல்லில் ஒருமுறை படிந்தது திரும்பக் கரைவதில்லை. உடல் வளர்ச்சி நின்ற பிறகும் கல் மெல்லத் தடித்துக்கொண்டே போகும். இளம் மீனுக்கும் உயிரோடு விட வேண்டிய மீனுக்கும் செதில் இன்றும் பயன்படுகிறது, அதில் தவறில்லை. நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடியான லேவன்ஹுக் 17ஆம் நூற்றாண்டிலேயே கெண்டைச் செதிலில் வளையங்களைப் பார்த்தவர். 1899இல் ரைபிஷ் என்ற ஆய்வாளர் தட்டை மீனின் காதுக்கல்லில் வயதைப் படித்துக் காட்டினார்.

கல்லை எடுக்கும் முன் மீனின் மொத்த நீளம், எடை, பாலினம், இனப்பெருக்க நிலை, பிடித்த தேதி, இடம் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். தேதி இல்லாத கல்லால் பயனே இல்லை. ஏன் என்பது விளிம்பு பற்றிப் பேசும்போது புரியும். எடுக்க இரண்டு வழி. கண்ணுக்குச் சற்றுப் பின்னாலிருந்து மண்டையோட்டின் மேல்பகுதியை மூடி திறப்பது போல வெட்டித் தூக்கினால் மூளை தெரியும். அதற்குக் கீழே, சற்றுப் பின்னால், இருபுறமும் உள்ள குழிகளில் சாஜிட்டா இருக்கும். மீனின் தோற்றம் கெடக் கூடாது என்றால் செவுளை விலக்கி, மண்டையின் அடிப்பக்கம் வழியாகத் திறக்கலாம். நுனி மெலிந்த இடுக்கியால் மெதுவாக எடுக்க வேண்டும். கல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு வழவழப்பாக ஒட்டியிருக்கும். அதை அப்போதே விரல்களுக்கிடையில் தேய்த்து நீரில் கழுவி நீக்கிவிடுங்கள். காய்ந்துவிட்டால் பழுப்பு நிறத்தில் இறுகி, பிறகு நுண்ணோக்கியில் பொய்க்கோடு போலத் தெரியும். நன்றாகக் காயவைத்துத்தான் உறையிலோ குப்பியிலோ போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

ஃபார்மலினில் மட்டும் போடாதீர்கள். நாளாக நாளாக அது அமிலமாகிக் கல்லை அரித்துவிடும். முழு மீனையும் ஃபார்மலினில் வைத்துவிட்டு மாதங்கள் கழித்துக் கல்லைத் தேடினால் சுண்ணாம்புத் தூள்தான் மிஞ்சும். மீன் குஞ்சுகளை 95 சதவீத எத்தனாலில் போட்டு, உடலின் நீர் அதில் கலந்து செறிவு குறைந்துவிடும் என்பதால் ஒரு நாளுக்குள் எத்தனாலை மாற்ற வேண்டும்.

இனி வளையத்தைக் கண்ணுக்குக் கொண்டுவரும் வேலை. கல்லில் ஒளிபுகும் பட்டையும் ஒளிபுகாப் பட்டையும் மாறிமாறிப் படிகின்றன. வளையம் என்று எண்ணுவது இந்தப் பட்டைகளைத்தான். குறைந்த ஆயுள் கொண்ட, கல் மெலிந்த மீன்களுக்கு முழுக் கல்லையே நீரிலோ எண்ணெயிலோ மூழ்கவைத்துக் கறுப்புப் பின்னணியில் பார்க்கலாம். ஆயுள் நீளும்போது இது ஏமாற்றும். ஏனென்றால் வயதான பிறகு கல் நீளவாக்கில் வளராமல் தடிமனில் வளர்கிறது. புதிய வளையங்கள் உள்பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மேலிருந்து பார்க்கிறவருக்கு அவை தெரியவே தெரியாது. குறுக்காக வெட்டினால்தான் தெரியும்.

எளிய முறை உடைத்துச் சுடுவது. கல்லை நடுக்கருவின், அதாவது கல் வளரத் தொடங்கிய மையத்தின், வழியாக இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தைச் சாராய விளக்குச் சுடரில் காட்ட வேண்டும். ஒளிபுகும் பட்டைகள் பழுப்பாகக் கறுக்கும், மற்றவை வெளிறியே நிற்கும். அதன் மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவி மேலிருந்து ஒளி பாய்ச்சிப் படிக்கலாம். வெல்லப்பாகு நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் சாம்பல் நிறமாகிப் பொடிந்துவிடும். அந்தக் கல் போனது போனதுதான்.

கூடுதல் துல்லியத்துக்கு மெல்லிய வெட்டு. நடுக்கரு இருக்கும் இடத்தைக் கல்லின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டு, எபாக்ஸி ரெசினில் காற்றுக் குமிழி இல்லாமல் பதித்து, ஒரு நாள் இறுகவிட்டு, வைரத்தூள் பதித்த குறைவேக ரம்பத்தால் 0.3 முதல் 0.5 மி.மீ. தடிமனில் அறுக்க வேண்டும். பிறகு கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நீர் விட்டு 800, 1200 எண் உப்புத்தாள்களில் தேய்க்க வேண்டும். அதிகம் தவறு நடப்பது அறுக்கும்போதுதான். வெட்டு நடுக்கருவை விட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலே முதல் வளையம் காணாமல் போகலாம். ஆகவே ஒரே கல்லிலிருந்து அடுத்தடுத்து மூன்று நான்கு வில்லைகள் எடுத்து, கரு தெளிவாகத் தெரிவதை மட்டும் படிப்பது நல்லது. வெட்டும் சாய்வாக இருக்கக் கூடாது. சாய்ந்தால் வளையங்களின் அகலம் கூடித் தெரியும், இடைவெளி அளவுகள் எல்லாம் பொய்யாகும்.

படிக்கும்போது புதியவர்களைக் குழப்புவது ஒளிதான். மேலிருந்து ஒளி விழுந்தால் ஒளிபுகாப் பட்டை வெள்ளையாகவும் ஒளிபுகும் பட்டை கறுப்பாகவும் தெரியும். கீழிருந்து ஒளி வந்தால் அப்படியே தலைகீழ். எந்த ஒளியில், எந்தப் பட்டையை எண்ணினோம் என்று எழுதாத தரவை இன்னொருவரால் சரிபார்க்கவே முடியாது.

அடுத்த சிக்கல் முதல் வளையம். குஞ்சு கடல்பரப்பிலிருந்து அடித்தளத்துக்கு இறங்கும்போது, உணவு மாறும்போது, கல்லில் ஒரு கோடு விழும். அதை முதல் ஆண்டாக எண்ணிவிட்டால் எல்லா மீனுக்கும் ஒரு வயது கூடிவிடும். உண்மையான முதல் வளையத்தைப் போலி என்று தள்ளினால் ஒன்று குறையும். நான்கு ஆண்டு வாழும் மீனுக்கு ஒரு வயதுப் பிழை என்பது மிகப் பெரியது. இதற்குத் தீர்வு, ஒரு வயது நிரம்பியதாக உறுதியாகத் தெரிந்த சின்ன மீன்களின் கற்களில் கருவிலிருந்து விளிம்பு வரை அளந்து வைத்துக்கொண்டு, பெரிய மீனின் கல்லிலும் அதே தூரத்தில் முதல் வளையத்தைத் தேடுவது. பொதுவாக, உண்மையான ஆண்டு வளையம் கல்லைச் சுற்றி முழுமையாக ஓடும். போலிக்கோடு சில இடங்களில் மட்டும் தெரிந்து மறையும். இது விதியாக எல்லா இனத்துக்கும் பொருந்தாது, ஆனால் பெரும்பாலும் கைகொடுக்கும்.

விளிம்பு விஷயம் இப்படி. வட அரைக்கோளத்தில் எல்லா மீனுக்கும் ஜனவரி 1 பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். கல்லில் நான்கு முழு வளையங்கள், விளிம்பில் ஐந்தாவது தொடங்கியிருக்கிறது. மார்ச்சில் பிடித்த மீனானால் அதன் வயது 5. நவம்பரில் பிடித்ததானால் 4. தோற்றம் ஒன்றேதான், தேதிதான் வயதை மாற்றுகிறது. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஒரே ஆண்டில் பிறந்த மீன்கள் இரண்டு ஆண்டுகளாகப் பிரிந்து, எந்த ஆண்டு குஞ்சுகள் அதிகம் பிழைத்தன என்ற கணக்கே கலைந்துவிடும்.

குஞ்சுகளுக்கு ஆண்டு வளையம் கிடையாது. அவற்றுக்கு நாள் வளையம் உண்டு. 1971இல் ஜார்ஜோ பன்னெல்லா இதை வெளியிட்டார். ஒரு நாள் வளையத்தின் அகலம் பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரான். இருபுறமும் கரு வரை தேய்த்து, எண்ணெய் லென்ஸில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் கூடுதலாகத் தேய்த்தால் கருவே அழிந்துவிடும். ஒரு மைக்ரானுக்குக் கீழே போனால் சாதாரண நுண்ணோக்கி வளையங்களைப் பிரித்துக் காட்டாது, எண்ணிக்கை குறையும். முதல் வளையம் சில இனங்களில் பொரித்த அன்றும், சிலவற்றில் முதலில் இரை உண்ணும் நாளிலும் விழுகிறது. அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பவளத்திட்டுகளில் வாழும் எவியோட்டா சிஜில்லாட்டா என்ற பொடி மீனின் முழு ஆயுள் அதிகபட்சம் 59 நாள் என்று 2005இல் தெரியவந்தது இந்த நாள் வளையங்களால்தான்.

வெப்பக் கடலுக்கு வருவோம். பனிக்காலம் இல்லாவிட்டால் வளையம் இல்லை என்று நீண்ட காலம் நம்பினார்கள், அது சரியில்லை. நீரின் வெப்பம் மூன்று நான்கு டிகிரி மாறினாலே போதும்; பருவமழை, ஆற்று வெள்ளம், இரை கிடைக்கும் அளவு, முட்டையிடும் காலம் எல்லாமே வளர்ச்சியின் வேகத்தை மாற்றுகின்றன, கல்லில் அது பதிகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அறுவை மீன் இனங்கள் 30 முதல் 45 ஆண்டு வரை வாழ்வது 1996இல் தெரிந்தது. அவை முதல் சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ முழு நீளத்தை எட்டிவிடும். ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களில் ஒன்றுக்கு 6 வயது, மற்றதற்கு 35 வயது இருக்கலாம். நீளத்தைப் பார்த்து வயது சொல்வது இங்கே முற்றிலும் உடைகிறது. வெப்ப நாட்டு மீன்களில் வளையங்கள் மங்கலாக இருப்பதும், சில நன்னீர் மீன்களில் ஆண்டுக்கு இரண்டு விழுவதும் உண்மை. ஆகவே சோதனை இங்கே இன்னும் அவசியம்.

சோதனை என்பது என்ன? மிக நேரடியானது, மீனுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊசியாகப் போடுவது. உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 50 மி.கி. மருந்து கால்சியத்தோடு சேர்ந்து அன்று படியும் அடுக்கில் தங்கிவிடும். மீனை அடையாளமிட்டு விட்டுவிட்டு, மூன்று ஆண்டு கழித்துப் பிடித்தால், புறஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிரும் கோட்டுக்கு வெளியே மூன்று வளையங்கள் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அந்தக் குறி மங்கிவிடும். எடுத்ததிலிருந்து கற்களை இருட்டிலேயே வைக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, ஊசி போட்டபோது இருந்த வயதுக்குப் பிந்தைய வளையங்கள் மட்டுமே சோதிக்கப்படுகின்றன. இளம் மீன்களை மட்டும் குறித்துவிட்டு, 40 வயது மீனின் எண்ணிக்கையும் சரி என்று எழுதுவது தவறு.

அதிகம் செய்யப்படுவதும் அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் விளிம்பு அளவீடு. கடைசி முழு வளையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தூரத்தை, கடைசி இரு முழு வளையங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியால் வகுத்து, மாதந்தோறும் சராசரி பார்ப்பார்கள். ஆண்டில் ஒரே ஒரு முறை அந்த விகிதம் சட்டென்று சரிந்தால் ஆண்டுக்கு ஒரு வளையம் என்று பொருள். செலவு குறைவு, அதனால்தான் பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் எல்லா வயதையும் கலந்து சராசரி எடுத்தால் இளம் மீன்களின் தெளிவான போக்கு முதியவற்றின் குழப்பத்தை மூடிவிடும். குறைந்தது இரண்டு முழு ஆண்டுச் சுற்று, வயதுக் குழுக்கள் தனித்தனியே, மாதம் எது என்று தெரியாமல் படிப்பது. இந்த மூன்றும் இல்லாத விளிம்பு ஆய்வை நான் சான்றாக ஏற்கமாட்டேன்.

நீண்ட ஆயுள் மீன்களுக்குக் கதிரியக்கம் துணை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. 1958 வாக்கில் தொடங்கிக் கடலின் மேற்பரப்பிலும் அது ஏறியது. அந்த ஆண்டுகளில் பிறந்த மீனின் கல்லின் கருவில் அப்போதைய அளவு அப்படியே பூட்டிக் கிடக்கிறது. வளையம் எண்ணி ஒரு மீன் 1970இல் பிறந்தது என்கிறோம், ஆனால் கருவில் கார்பன்-14 சோதனைகளுக்கு முந்தைய தாழ்ந்த அளவில் இருக்கிறது என்றால், வளையங்களைக் குறைத்து எண்ணியிருக்கிறோம். நியூசிலாந்து மீன்களில் 1993இல் ஜான் காலிஷ் இதைச் செய்துகாட்டினார். வட அமெரிக்க நன்னீரில் வாழும் பெருவாய் பஃபலோ மீனுக்கு 26 ஆண்டு ஆயுள் என்றிருந்தது. 2019இல் மெல்லிய வெட்டில் 112 வயது வரை எண்ணி, இந்த முறையால் உறுதிப்படுத்தினார்கள். இன்னொரு வழி, கல்லில் சேர்ந்த ரேடியம்-226 சிதைந்து ஈயம்-210 ஆகும் விகிதம். ஈயம்-210இன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு என்பதால் நூறாண்டு வரை நன்றாக வேலை செய்யும். 1991இல் ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனில் 38–40 செ.மீ. நீளமுள்ளவற்றுக்கு 77 முதல் 149 வயது என்று இந்த முறையில் வந்தது. அதற்குள் அந்த மீனைச் சாதாரண ஆயுள் கொண்டதாக எண்ணிப் பெருமளவில் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வயதுப் பிழை பிடிப்பு அளவை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் கணக்காகவே பாருங்கள். பசிபிக் பெருங்கடல் பாறை மீன் ஒன்றைக் கல்லின் மேற்பரப்பைப் பார்த்துப் படித்தபோது அதிகபட்சம் 30 வயதளவில் வந்தது. உடைத்துச் சுட்டுப் படித்தபோது 90 தாண்டியது. அதிகபட்ச வயதிலிருந்து இயற்கை இறப்பு வீதத்தை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் 4.899 ஐ அதிகபட்ச வயதின் 0.916 ஆவது அடுக்கால் வகுப்பது. 30 என்று போட்டால் 0.22, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீத மீன்கள் தாமாகவே இறக்கின்றன. 90 என்று போட்டால் 0.08, ஆண்டுக்கு 8 சதவீதம்கூட இல்லை. தாமாக இறப்பதற்கு ஏற்பத்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்ற வரம்பும் நிர்ணயிக்கப்படுகிறது. முதல் எண்ணை நம்பிப் பிடித்தால், அந்த மீன்கூட்டம் தாங்கக்கூடியதைப் போல இரண்டு மூன்று மடங்கு பிடிக்கிறோம்.

இருவர் படித்து ஒரே விடை வந்தால் சரிதானே என்று கேட்பார்கள். இல்லை. ஒரே இடத்தில் பழகிய இருவர் ஒரே தவறை ஒரே மாதிரி செய்வார்கள். ஒத்துப்போவது திரும்பச் செய்யும் திறனைக் காட்டும், உண்மையைக் காட்டாது. அதையும் அளக்கத்தான் வேண்டும்: ஒவ்வொரு மீனுக்கும் படித்தவர்கள் சொன்ன வயதுகளின் திட்ட விலக்கத்தை அவற்றின் சராசரியால் வகுத்து, எல்லா மீனுக்கும் சராசரி எடுத்து, 5 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் ஏற்பார்கள். ஒருவர் 10, மற்றவர் 12 என்றால் அந்த மீனுக்கு மட்டும் 13 சதவீதம். மீனின் நீளத்தைப் படிப்பவருக்குச் சொல்லக் கூடாது. பெரிய மீன் என்று தெரிந்தாலே கண் கூடுதல் வளையங்களைத் தேடும்.

சுறா, திருக்கைக்குப் பயன்படும் காதுக்கல் இல்லை. முதுகெலும்புத் துண்டின் குறுக்குவெட்டில் படிக்கிறார்கள், முதிய சுறாக்களில் அது வயதைக் குறைத்துக் காட்டுவது பலமுறை தெரிந்திருக்கிறது. கிரீன்லாந்து சுறாவுக்கு அந்த வழியும் இல்லை. கண் லென்ஸின் நடுப்பகுதியில் கார்பன்-14 அளந்து, மிகப் பெரிய மீனுக்கு 392 ஆண்டு, அதில் 120 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று 2016இல் மதிப்பிட்டார்கள். சீலகாந்த் என்ற பழமையான ஆழ்கடல் மீனின் செதிலைச் சாதாரண ஒளியில் படித்து 20 ஆண்டு ஆயுள் என்றிருந்தது. 2021இல் முனைவாக்க ஒளியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) அதே வகைச் செதிலில் இடையிடையே மெல்லிய வளையங்கள் தெரிந்து, 84 வயது வரை வந்தது.

கடைசியாக, கல் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இணையில் ஒன்றை மட்டும் வெட்டுங்கள், மற்றதை முழுதாக, உலர்வாக, தேதியும் இடமும் எழுதிய காகித உறையில் வையுங்கள். பசையோ ரெசினோ படாத கல்லில்தான் பிறகு ஸ்ட்ரான்ஷியம், ஆக்சிஜன் ஐசோடோப்பு போன்றவற்றை அளந்து, அந்த மீன் ஆற்றிலா கடலிலா வளர்ந்தது, எந்த வெப்பநிலையில் வாழ்ந்தது என்று பார்க்க முடியும். அணுகுண்டுக் கார்பன் முறைக்கு, எந்த ஆண்டில் கார்பன்-14 எவ்வளவு இருந்தது என்று காட்டும் ஒப்பீட்டுக் கோடு கிடைத்ததே, பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த கற்களை யாரோ பெயர், தேதியோடு எறியாமல் வைத்திருந்ததால்தான்.